மூன்று புள்ளி

“திறக்காதீங்கன்னு சொல்றேன் மேஸ்திரி. அப்படியே தூக்கி உள்ள வைங்க.”

நர்ஸம்மா இடுப்பில் கை வைத்து நின்றார். பழைய இரும்புக் கடையில் காலையில்தான் வாங்கி வந்த எஞ்சின் சங்கிலியில் தொங்கியது. பக்கத்தில் அவருடைய கிழட்டு ஜீப், முன்பக்கம் காலியாகி, பொக்கை வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது.

எஞ்சின் வந்து இறங்கியபோது மேஸ்திரி ஆசையாகத்தான் தடவிப் பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, திறந்தே ஆகணும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்.

“ஒரு நாள் கொடுங்கம்மா. அடித்தட்டைக் கழற்றி ஒருதரம் பார்த்துடறேன்.”

“மேட்டுக் காலனியில ஒரு பொண்ணுக்கு இது நிறைமாசம். எப்ப வலி எடுக்கும்னு அதுக்கே தெரியாது. அந்தச் செங்குத்துப் பாதையில என் ஜீப்பை விட்டா ஏற வேற வண்டி கிடையாது. பிரசவத்தைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கம்மான்னு சொல்லட்டுமா?”

மேஸ்திரி துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

நர்ஸம்மா எஞ்சினின் பக்கவாட்டைத் தட்டிக் காட்டினார். அங்கே இரும்பில் ஆணியால் அடித்ததுபோல மூன்று புள்ளிகள், முக்கோணமாக.

“எஞ்சினைப் பிரிச்சுக் கட்டினவர் தன் அடையாளத்தைக் குத்தி வைப்பாராமே. கடைக்காரர் சொன்னார். மூணு புள்ளின்னா யாரும் திறந்தே பார்க்க மாட்டாங்களாம், அவ்வளவு நம்பிக்கையாம். இது கட்டி முடிச்ச கையோட ஷெட்டுல நின்னதுதானாம், ஓடவே இல்லையாம். அந்த ஆளும் ஊரை விட்டுப் போயிட்டாராம். அப்படி ஒரு கை அப்புறம் அமையலையாம்.”

“அதெல்லாம் பேச்சும்மா.”

“அடுத்தவன் நல்லா செஞ்சிருந்தா உங்களுக்குப் பொறுக்காதே. தொழில்காரனுக்குத் தொழில்காரன் ஆகாதுன்னு சும்மாவா சொன்னாங்க?”

மேஸ்திரி கூனிக் குறுகிப்போனார். இந்த ஊருக்குப் பிழைக்க வந்து ஏழெட்டு வருஷத்தில் அவரை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை.

“மூணாவது பேரிங் போயிருக்கும்மா,” என்றார் தரையைப் பார்த்தபடி. “மேட்டுல இழுக்கும்போது எஞ்சின் இறுகி நின்னுடும். வண்டி பின்னால உருண்டா பள்ளம்தான்.”

“வயித்தைத் தொட்டுப் பாக்காம நானே பிள்ளை எப்படி இருக்குன்னு சொல்ல மாட்டேன். நீங்க தொறக்காமலே சொல்றீங்களா?”

“அனுபவம்தாம்மா.”

“ஒண்ணும் இல்லைன்னா?”

“இன்னையோட கடையைப் பூட்டிடறேன்.”

“வீராப்புக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை. சரி, தொறங்க. நான் இங்கேயேதான் உட்காருவேன்.”

மேஸ்திரி சாப்பிடக்கூடப் போகவில்லை. எண்ணெயை வடித்தார், அடித்தட்டைக் கழற்றினார். முதல் பேரிங்கும் இரண்டாவதும் புதுசாக மின்னின. மூன்றாவதைத் திறந்ததும் அதற்கு அடியிலிருந்து மெல்லிய தகரத் துண்டு ஒன்று நழுவி விழுந்தது. நர்ஸம்மா அதை எடுத்து முந்தானையில் துடைத்தார். பாதி ரோஜாப்பூ தெரிந்தது.

“இது பவுடர் டப்பாத் தகரமாச்சே.”

“பேரிங் தேஞ்சா ஆடும்மா. ஆட்டம் தெரியாம இருக்க அடியில தகரம் வெட்டி வைக்கிறது. கொஞ்ச நாள் ஓடும்.”

“அப்புறம்?”

“நின்னுடும்.”

நர்ஸம்மா தகரத்தைத் தரையில் விட்டெறிந்தார். “நிறைமாசக்காரிய ஏத்திக்கிட்டுப் போயிருப்பேனே மேஸ்திரி. பெரிய மூணு புள்ளிக்காரனாம். நாசமாப் போறவன். அவன் வீட்டுல பொம்பளைங்களே இல்லையா?”

“புதுப் பேரிங்ல ஒண்ணு வந்து சேர்ந்திருக்காது. வண்டிக்காரர் அவசரப்படுத்தியிருப்பார். நம்ம அடையாளம் இருந்தா எவன் திறந்து பாக்கப் போறான்னு நினைச்சிருப்பான்.”

“அந்தப் பாவிக்கு வக்காலத்து வேறயா?”

“இல்லம்மா. வக்காலத்து இல்லை.”

அவர் எழுந்து போய் மேசையின் அடி இழுப்பறையைத் திறந்தார். பழுப்பேறிய எண்ணெய்த் தாளைப் பிரித்தார். உள்ளே கைபடாத புதுப் பேரிங் ஒன்று.

“அந்தக் காலத்து வண்டிக்கு இது எப்படிக் கையிலேயே வச்சிருக்கீங்க?”

“வாங்கினேம்மா. போடறதுக்குள்ள வண்டி போயிடுச்சு.”

“என் நல்ல நேரம்.” நர்ஸம்மா கைகூப்பினார். “காலையில வாய்க்கு வந்தபடி பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. உங்களாலதான் தாயும் பிள்ளையும் பிழைச்சாங்க. உங்களை மாதிரி நாலு பேர் இருக்கறதாலதான் ஊர்ல மழை பெய்யுது.”

காலையில் வாங்கிய திட்டு எவ்வளவோ தேவலாம் என்றிருந்தது மேஸ்திரிக்கு. தலை நிமிரவில்லை. ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கினார், சரிபார்த்தார், மறுபடி சரிபார்த்தார். கடைசி போல்ட் இறுகியபோது வெயில் தாழ்ந்திருந்தது.

நர்ஸம்மா சுத்தியலையும் கூர் ஆணியையும் எடுத்து அவரிடம் நீட்டினார்.

“முதல்ல அந்தப் புள்ளிகளை அரத்தால தேய்ச்சு அழிங்க. பக்கத்துல உங்க அடையாளத்தைக் குத்துங்க. நாளைக்கு யார் கைக்குப் போனாலும் நாணயமான ஆள் கட்டினதுன்னு தெரியட்டும்.”

“நான் குத்தறதை விட்டு ரொம்ப வருஷமாச்சும்மா.”

“எனக்காகக் குத்துங்க. உங்க அடையாளம் எது, காட்டுங்க.”

மேஸ்திரி சுத்தியலை வாங்கிக் கீழே வைத்தார். எண்ணெய்க் கறை படிந்த விரலைக் கொண்டுபோய் அந்த மூன்று புள்ளிகளின் மேலேயே வைத்தார்.

“இதுதாம்மா.”