பிரமிளா பிடித்த மைக்

சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடர் மேல் விரல்கள் இருந்தன. இருக்கின்றனவா என்று அவன் குனிந்து ஒரு தரம் பார்த்துக்கொண்டான்.

வலது கையில் வாதம் அடித்து ஏழு மாதம். இன்றுதான் மறுபடி சவுண்ட் மிக்சர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். திண்டுக்கல்லில் ஒரு காதுகுத்து, பகல் பதினொரு மணிக்குக் கச்சேரி.

மூன்று பேர் பாடி முடித்துவிட்டார்கள்.

மூன்று பேரும் மைக்கை உதட்டுக்கு இரண்டு விரல் தள்ளிப் பிடித்து, கொடியேற்றத்தில் நிற்கும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி அசையாமல் நின்று பாடினார்கள். பதினைந்து வருஷமாக அவன் தொண்டை கிழியக் கத்தியும் கேட்காத கூட்டம் இது!

காரணம் அவனுக்குத் தெரியும். காலையில் வேனை விட்டு இறங்கியதும் ட்ரூப் தலைவர் பாடுகிறவர்கள் அத்தனை பேரையும் ஓரமாகக் கூப்பிட்டார். மைக்கை ஆட்டாதீர்கள், அவனுக்கு இன்னும் கை ஓடவில்லை என்றார். அது அவன் காதில் விழுந்தது.

ஏற்றவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம். வைத்த இடத்தில் வைத்திருந்தால் போதும். இதற்கு ஒரு ஆள் எதற்கு?

எல்லாரும் நல்லவர்கள். அதுதான் அவனால் தாங்க முடியவில்லை. இன்றோடு போதும் என்று மனசுக்குள் முடிவே கட்டிவிட்டான்.

நான்காவதாக பிரமிளா வந்தாள்.

ட்ரூப்பிலேயே மைக் பிடிக்கத் தெரியாதவள் அவள்தான். குரல் தாழும் இடத்தில் மைக்கை இடுப்புக்கு இறக்கிவிட்டு முன்வரிசைக் குழந்தைகளுக்கு டாட்டா காட்டுவாள். உச்சத்தில் வாய்க்குள்ளேயே திணித்துக்கொள்வாள்.

பல்லவி தொடங்கியது. மைக் ஆடவில்லை.

இவளுமா, என்று நினைத்தான்.

இரண்டாவது வரியில் மைக் இடுப்புக்குப் போயிற்று.

குரலைக் காணோம். பந்திக்கு எழுந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தலைவர் ஓரத்தில் நின்று தலையில் அடித்துக்கொண்டார்.

அவன் கை ஏறியது. மெதுவாகத்தான், ஆனாலும் ஏறியது. குரல் மண்டபத்துக்குத் திரும்பி வந்தது.

உச்சத்துக்கு முன்னால் அவள் இடது தோள் கொஞ்சம் தூக்கும். இத்தனை வருஷமும் அவன் கண் வைத்திருந்த தோள். தூக்கியது. இறக்கினான். மைக்கை விழுங்குகிற மாதிரி வைத்துக்கொண்டு அவள் பாடினாள், ஸ்பீக்கர் பாக்ஸ் ஒன்றுகூடக் கதறவில்லை.

அப்புறம் அவள் அவனை விடவே இல்லை. இடுப்பு, வாய், இடுப்பு, வாய். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் விரல் பிந்திவிட்டது.

கைதட்டல் அடங்குவதற்குள் நேராக அவனிடம் வந்தாள். அவளைத் திட்டுவதற்குத் தலைவரும் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்.

"ரெண்டாவது சரணத்துல லேட்டுண்ணே. தூங்கிட்டீங்களா?"

ஏழு மாதமாக அவனிடம் யாரும் இப்படிப் பேசவில்லை. கண் நிறைந்துவிட்டது. அவளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

"மைக்கை ஒழுங்காப் புடிச்சா ஏன் லேட்டாகுது?" என்று மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி கத்தினான்.