ஸ்பானிஷில் மட்டும்

ஷூ காலோடு நாற்காலி மேல் ஏறி நின்றான் எத்தோரே. வகுப்பு மொத்தமும் கைதட்டியது.

நூரியாவுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. "சால்கா" என்று இன்னொரு தரம் கத்தினாள். கோபம் வந்தால் அவளுக்கு மரியாதை கூடிவிடும். 'வெளியே போ' என்பது 'சால்கா', அதாவது 'வெளியே போங்க' ஆகிவிடும். ஸ்பெயினில், சரகோசாவில் அவளிடம் படித்த பிள்ளைகள் அந்த ஒரு 'சால்கா'வுக்குப் பையைக்கூட எடுக்காமல் ஓடியிருக்கிறார்கள்.

இங்கே, இந்த இத்தாலியப் பள்ளிக்கூடத்தில், யாருக்கும் பயமே இல்லை. அவள் பெஸ்காராவுக்கு வந்து ஒரு மழைக்காலம்கூட முழுதாக முடியவில்லை. "நீங்க இத்தாலியன் கத்துக்கவே வேணாம். பசங்க காதுல ஸ்பானிஷ் மட்டும்தான் விழணும்" என்று தனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் சொல்லித்தான் ஹெட்மாஸ்டர் மனெட்டி வேலை கொடுத்தார். அதே மனெட்டி போன வாரம் கூப்பிட்டு வேறு பாட்டுப் பாடினார்.

"இந்த வகுப்புச் சத்தம் இன்னொரு தடவை என் ரூம் வரைக்கும் கேட்டுச்சுன்னா, கிறிஸ்துமஸுக்கு அப்புறம் நான் வேற ஆளத்தான் பாக்கணும்."

இன்றைக்கு வகுப்பு ஒழுங்காகத்தான் ஆரம்பித்தது. வழக்கம்போல் முதலில் கட்டளை விளையாட்டு: எழு, உட்கார், குதி, மூக்கைத் தொடு. எதற்கென்று கேட்கக் கூடாது, சொன்னதும் செய்ய வேண்டும். அடுத்து காலைச் சாப்பாட்டுப் பாடம். ரொட்டியில் என்ன தடவிச் சாப்பிடுவீர்கள் என்று அவள் கேட்க, "புர்ரோ" என்றான் நிக்கோலோ. அவள் ஊரில் புர்ரோ என்றால் கழுதை. இவர்கள் வீட்டில் அது வெண்ணெயாம்.

அதைப் போர்டில் எழுத அவள் திரும்பியதுதான் தாமதம், பின் வரிசையில் ஒரு கழுதை கத்தியது. உடனே இன்னும் நாலைந்து கழுதைகள் சேர்ந்துகொண்டன. அவள் வெடுக்கென்று திரும்பியபோது வாய் மூடாமல் அகப்பட்டவன் முன் வரிசை எத்தோரே ஒருவன்தான். பின்னால் திரும்பி எதையோ சொல்லிக்கொண்டிருந்தான். இவன்தான் தலைவனா என்று அவன் மேல் பாய்ந்தாள்.

முதல் 'சால்கா'வுக்கு நாற்காலியில் ஏறியவன், இரண்டாவதற்கு மேஜைக்கே தாவிவிட்டான்.

"என்ன சார், மேடைக்கே வந்துட்டீங்க. கச்சேரியா?" ஸ்பானிஷில் பொரிந்து தள்ளினாள் நூரியா. "என்னப் பாத்தா உங்களுக்குக் கேனச்சி மாதிரி தெரியுதா? ஒண்ணுமே தெரியாத பச்சப்புள்ள மாதிரி மூஞ்சிய வேற வெச்சுக்கிட்டு."

ஒரு சொல்லும் யாருக்கும் புரியவில்லை. எத்தோரே திருதிருவென்று விழித்தான்.

"விட்றாதடா எத்தோரே" என்று நிக்கோலோ பெஞ்சைத் தட்டினான்.

எத்தோரேயின் முகத்தில் சிரிப்பு இல்லை. காது சிவந்து, உதடு கோணி, இப்போதோ அப்போதோ அழப் போகிறவன் மாதிரி நின்றான். நடிப்பு, சுத்த நடிப்பு என்று அவளுக்கு ரத்தம் கொதித்தது. இந்தப் பொடியனால் தன் வேலை போக வேண்டுமா? வாடகைக்கு வீடு பிடித்து, பெட்டியைப் பிரித்து முடிப்பதற்குள் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டுமா?

கதவுப் பக்கம் கையை நீட்டி, தொண்டை கிழிய, "சால்கா" என்றாள்.

எத்தோரே அவள் விரல் போன திசையைப் பார்த்தான். தயங்கித் தயங்கி மேஜையை விட்டு இறங்கினான். அப்பாடா, போகிறான் என்று அவள் மூச்சு விட்டாள்.

கதவை ஒட்டி நின்ற புத்தக அலமாரியில் தட்டுத் தட்டாகக் காலை ஊன்றி, அதன் உச்சிக்கே போய், கூரையில் தலை இடிக்காமல் குனிந்து உட்கார்ந்துகொண்டான் அவன். வகுப்பு விசிலடித்தது.

கதவு திறந்தது. மனெட்டி நின்றார்.

"பாருங்க சார், உங்க ஸ்கூல் பையனோட லட்சணத்த" என்று ஸ்பானிஷில் ஆரம்பித்தாள் நூரியா. "வெளிய போன்னு தொண்டத் தண்ணி வத்தக் கத்துறேன். என் கண்ணு முன்னாலயே குரங்கு மாதிரி மேல போய் உக்காந்திருக்கான். இன்னிக்கே சஸ்பெண்ட் பண்ணுங்க."

மனெட்டி அண்ணாந்து பார்த்தார். "எத்தோரேவா? அவன் வாயத் தொறந்து பதில் சொல்றதே அதிசயமாச்சே."

"அப்ப நான் பொய் சொல்றேனா? இந்த வகுப்புல ஒண்ணு அவன் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

"கோவப்படாதீங்க. எழுதிக் குடுங்க, கையெழுத்துப் போடறேன். வீட்டுக்கு அனுப்பிடலாம்." அவர் பேனாவை எடுத்தார். பிறகு எதையோ யோசித்தவராக நிமிர்ந்தார். "அவன்கிட்ட என்ன வார்த்தை சொன்னீங்க? அப்படியே சொல்லுங்க."

அலமாரி உச்சியை முறைத்துக்கொண்டே சொன்னாள் நூரியா.

"சால்கா."

மேலே எத்தோரே விசும்பிக்கொண்டே கூரையைக் கையால் தடவிப் பார்த்தான்.

"'ஏறுங்க, ஏறுங்க'ன்னா எங்க ஏறறது? இதுக்கு மேல எடமில்ல டீச்சர்."