எட்டு அடுக்குக்குக் கீழே

அவனுடைய கக்கத்துக்குள் அவள் தோளைக் கொடுத்தாள்.

அவன் விலகப் பார்த்தான். விலக இடமில்லை. சுற்றிலும் இருநூறு பேர், நெஞ்சோடு முதுகு ஒட்ட நெருக்கி நின்றார்கள்.

ஸ்பெயினின் கத்தலோனியாவில் ஒரு சிற்றூர்ச் சதுக்கம். திருவிழா நாள். ஆள்மேல் ஆளாக எட்டு அடுக்குக் கோபுரம் எழப்போகிறது. அடியில் நின்று சுமப்பவர்களில் ஒருவன் ஓரியோல். அவனுக்கு ஊன்றுகோலாகக் கக்கத்தடியில் நிற்கக் குட்டையான ஆள்தான் தோது. வழக்கமாக நிற்பவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். அந்த உயரத்துக்கு மிச்சமிருந்தவள், இரண்டு ஆண்டுகளாக வெளிவட்டத்தில் நின்று தள்ளிக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துக்காரி. குட்டையாகப் பிறந்ததற்கு முதன்முதலாக ஒரு பயன்.

"அவள் வேண்டாம். இது நம்ம ஊர்க் கோபுரம்" என்றிருந்தான் ஓரியோல், எல்லோர் முன்னாலும்.

கோபுரக் குழுவின் தலைவி நூரியா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தவமலர், உள்ளே போ."

பால்கனிகளில், ஸ்பெயினிலிருந்து பிரியக் கேட்கும் தனிநாட்டுக் கொடிகள். அந்த ஆசையை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதற்கு ஓர் அண்ணனைக் கொடுத்த வீடு அவளுடையது. கொடிகளுக்குக் கீழே புதிதாக முளைத்த சுவரொட்டியைத்தான் விழுங்க முடியவில்லை.

'வந்தேறிகளே, வெளியேறுங்கள்.'

ஒட்டியவன் ஓரியோல். அவள் வீட்டுக் கதவுக்கு நேரெதிரேயும் ஒன்று, பசை வழிய வழிய.

குழல்கள் ஒலிக்கத் தொடங்கின.

அடியில் நிற்பவர்களுக்கு மேலே நடப்பது தெரியாது. தலை குனிந்திருக்கும். காதும் தோளும்தான் சொல்லும்.

ஐந்து. ஆறு. ஏழு.

சரிந்தால் பழி யார் தலையில் விழும் என்று அவளுக்குத் தெரியும்.

அவன் பாரம் அவள் தோளில் இறங்கியது.

"முடியவில்லை."

மூச்சாகத்தான் வந்தது. அவளுக்கு மட்டும் கேட்டது.

தோளைச் சற்றே தளர்த்தினால் போதும் என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததற்கே வெட்கமாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மேல்நோக்கி முட்டுக்கொடுத்தாள்.

"அண்ணை, விடாதேங்கோ. நான் பிடிச்சிருக்கிறன்."

அவனுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனாலும் நின்றான்.

குழலின் மெட்டு மாறியது. அப்படியென்றால், உச்சிக்கு ஏறிய குழந்தை கையை உயர்த்திவிட்டது!

சதுக்கம் அலறியது. பிறகு ஒவ்வோர் அடுக்காக, விழாமல், குலையாமல், கோபுரம் முழுவதும் இறங்கி முடிந்தது.

மூன்று ஆண்டுகளாகப் பாதியில் சரிந்த கோபுரம். முன்பின் தெரியாதவர்களெல்லாம் அவளைக் கட்டிக்கொண்டார்கள். தோள் விண்விண்ணென்று தெறித்தது. வலியும் பெருமையுமாக அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

நூரியா அடுத்த கோபுரத்துக்குக் கைதட்டி அழைத்தாள்.

ஓரியோலின் இடுப்புப் பட்டை அவிழ்ந்து கிடந்தது. எட்டு முழக் கறுப்புத் துணி. தனியாகக் கட்ட முடியாது. ஒருவர் முனையை இழுத்துப் பிடிக்க, கட்டுபவர் தானே சுழன்று சுற்றிக்கொள்ள வேண்டும்.

சுற்றிலும் அவன் ஆட்கள்தான் நின்றார்கள்.

அவன் முனையை அவளிடம் நீட்டினான். முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் வாங்கினாள். காலை ஊன்றி இழுத்துப் பிடித்தாள், தேவைக்கு மேல் கொஞ்சம் இறுக்கமாகவே.

அவன் சுழலத் தொடங்கினான். ஒவ்வொரு சுற்றுக்கும், அவளை நோக்கி ஓரடி.