தலைக்கு எவ்வளவு

"சார், நாம ஜப்பானைத் தாண்டிட்டோம்" என்று சொல்லிவிட்டு விஷ்ணுப்ரியா சிரித்தாள்.

தலைமையாசிரியர் அனந்தகிருஷ்ணன் சிரிக்கவில்லை. அவள் திருப்பிக் காட்டிய மடிக்கணினியைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

அவள் ஆராய்ச்சி மாணவி. தொடக்கப் பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளைக்கு நம் அரசு எவ்வளவு செலவழிக்கிறது, ஜப்பான் அரசு எவ்வளவு செலவழிக்கிறது என்று ஒப்பிட்டு எழுதுகிறாள். தாம்பரத்தைச் சுற்றி நாற்பது அரசுப் பள்ளிகளில் ஏறி இறங்கிவிட்டு, பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டியிருந்த இந்தப் பள்ளிக்குக் கடைசியாக வந்திருந்தாள்.

இரண்டு ஆசிரியர்களின் சம்பளம், சத்துணவு, கரண்டு, புத்தகம், சீருடை எல்லாவற்றையும் கூட்டிப் பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

மற்ற பள்ளிகளில் வந்த தொகை ஜப்பானின் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே கூசும்படி இருந்தது. இங்கே மட்டும் ஜப்பானைவிட இரண்டு மடங்குக்கு மேல்.

ஏனென்றால் இங்கே ஒரே ஒரு பிள்ளைதான்.

அஞ்சலி, மூன்றாம் வகுப்பு. வெளியே மர நிழலில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். சில்லை எறிந்து, நொண்டியடித்துத் திரும்பி வந்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு எதிராளியின் ஆட்டத்தையும் அவளே ஆடினாள்.

அவள் போய்விட்டால் பள்ளிக்குப் பூட்டு. மேலிடத்திலிருந்து கடிதமே வந்துவிட்டது. இரண்டாவது ஆசிரியரை ஏற்கெனவே சேலையூர்ப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். சம்பளம் மட்டும் இந்தப் பள்ளியின் பெயரில் போகிறது.

அனந்தகிருஷ்ணன் சனிக்கிழமை தவறாமல் திருநீர்மலை ஏறுகிறவர். தனக்கென்று பெருமாளிடம் எதுவும் கேட்டதில்லை. பள்ளியைத் தன் கையால் பூட்ட வைத்துவிடாதே என்று மட்டும் கேட்பார். அடுத்த வருஷம் யாராவது ஏழைப்பட்டவர்கள் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தால் கதவு திறந்திருக்க வேண்டாமா என்று சத்துணவு ஆயாவிடம் சொல்வார்.

அஞ்சலியையும் அவர் குறையாகப் பார்த்துக்கொண்டதில்லை. தினமும் அவளுக்குக் கடலை மிட்டாய் வாங்கி வருவார். மழை பிடித்துக்கொண்டால் தன் ஸ்கூட்டரிலேயே வீட்டில் கொண்டுபோய் விடுவார்.

வாசலில் நிழல் விழுந்தது. அஞ்சலியின் அம்மா முத்தாலம்மாள். நாற்றம் உள்ளே வரக் கூடாதென்று மீன் கூடையைக் கேட்டுக்கு வெளியிலேயே வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்தபடி நின்றாள்.

எதற்கு வந்தாள் என்று அவர் கேட்கவில்லை.

விஷ்ணுப்ரியாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உங்கள் பெண்ணுக்கு அரசாங்கம் ஜப்பான்காரர்களைவிட அதிகமாகச் செலவு செய்கிறது, தெரியுமா என்று அவளை உட்காரவைத்துச் சொன்னாள்.

முத்தாலம்மாள் முழுவதையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள்.

"கவர்மென்ட்டு இன்னா செலவு பண்ணி இன்னா மேடம், வெளாட ஒரு புள்ள இல்லியே. வூட்டாண்ட வந்தாலும் செவுத்தைப் பாத்துப் பேசிக்கினு கீது."

குரலில் கோபம் இல்லை.

விஷ்ணுப்ரியாவின் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் எழுந்து வெளியே போனாள். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, அடுத்த ஆட்டம் யாருடையது என்று அஞ்சலியிடம் கேட்பது உள்ளே கேட்டது.

அஞ்சலி தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். கேள்வி தனக்குத்தானா என்று அந்தப் பெண்ணுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அனந்தகிருஷ்ணன் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

விஷ்ணுப்ரியா மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது, பிள்ளைகளின் எண்ணிக்கையில் இருந்த அந்த ஒன்றை எடுத்துவிடச் சொன்னார்.

அவள் அழித்துவிட்டுப் பூஜ்யம் போட்டாள். பூஜ்யத்தால் வகுக்கக் கணினிக்குத் தெரியவில்லை. அவரை ஒருமுறை பார்த்துவிட்டு அந்த வரிசையையே நீக்கினாள்.

அவர் அரசு கொடுத்திருந்த டேப்லெட்டை இழுத்து வைத்துக்கொண்டு மாற்றுச் சான்றிதழ்ப் படிவத்தைத் திறந்தார். பெயர், பிறந்த தேதி, வகுப்பு எல்லாம் தாமாகவே வந்து உட்கார்ந்தன. ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது: பெற்றோர் விண்ணப்பித்த நாள்.

தொட்டதும் நாட்காட்டி இன்றைய தேதியில் திறந்தது. நவம்பர் இருபது. அதை இன்னொரு முறை தொட்டால் வேலை முடிந்தது. முத்தாலம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. பூட்டப்போகிற பள்ளியின் தேதிகளை வேறு யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

அவர் விரல் திரையைப் பின்னால் தள்ளியது.

அக்டோபர். செப்டம்பர். ஆகஸ்ட். ஜூலை.

ஜூன் பதினாறில் நின்றது. முத்தாலம்மாள் முதன்முதலாக வந்து சான்றிதழ் கேட்ட நாள்.

அஞ்சலியோடு படித்த கடைசி நாலு பிள்ளைகளும் போய் அன்றைக்கு மூன்று நாள்தான் ஆகியிருந்தது.