மூன்றாவது கோழி

இரண்டாவது கோழியும் வேண்டாம் என்றுதான் சொன்னது.

கிளினிக் வராந்தாவில் மருந்துக்குக் காத்திருந்தவர்கள் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு வாழையிலையை நீட்டினார்கள். காலையிலிருந்து இரண்டு கோழிக் குழம்பு ஆகிவிட்டது. நேற்றே காய்ச்சல் விட்டுப்போனவர்கள்கூட இன்று இருமிக்கொண்டு வந்திருந்தார்கள்.

உள்ளே மூங்கில் கட்டிலில் ஸா கீடோ படுத்திருந்தார். குடலிறக்கம். இத்தனை வருடமாகக் கையால் தள்ளினால் உள்ளே போய்க்கொண்டிருந்தது. விடியற்காலையில் கல் மாதிரி இறுகி, போகமாட்டேன் என்று நின்றுவிட்டது.

நா மூதா அந்தக் கிளினிக்கின் தொண்டர். அகதி முகாமில் பயிற்சி எடுத்தவள். ஊசி போடுவாள், பிரசவம் பார்ப்பாள். வயிற்றைக் கிழிக்கத் தெரியாது. பொழுது சாய்வதற்குள் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் குடல் அழுகி ஆள் பிழைக்கமாட்டார் என்பது மட்டும் தெரியும்.

அதை அவரிடம் மெதுவாகச் சொன்னாள், கோபமாகச் சொன்னாள், படம் வரைந்தும் காட்டினாள். தன்மேல்தான் ஏதோ குறை, வேறு யாராவது சொல்லியிருந்தால் கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

"கோழி சொல்லட்டும் தராமு, இப்பவே போறேன்," என்றார் ஸா கீடோ. தராமு என்றால் டீச்சர். மருந்து கொடுப்பவளுக்கும் அங்கே அதே மரியாதைதான்.

வெந்த கோழியின் தொடை எலும்பு இரண்டையும் சுரண்டி, பொடித் துளைகளில் மூங்கில் சிம்பு செருகி, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார்; ஒரு பக்கம் என்றால் போகலாம், மறுபக்கம் என்றால் வேண்டாம். எலும்பு பார்ப்பதில் ஊரில் அவரை மிஞ்ச ஆளில்லை. அதனால் வேறு யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

வேண்டாம் என்கிறது என்று சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் வலி கொஞ்சம் குறைவதுபோல மூதாவுக்குத் தோன்றியது.

சே, என்ன புத்தி இது என்று தன்னையே கடிந்துகொண்டாள். துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே பிள்ளைகளைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடந்து வந்த மனிதர்.

வாசலில் பிக்கப் வண்டிக்காரன் மறுபடியும் ஹாரன் அடித்தான்.

அப்போதுதான் அவர் மனைவி நா ஷீ, அடுத்த கோழியோடு வந்து சேர்ந்தாள். கூடைக்கு வெளியே சிவப்பாக ஒரு வால் நீட்டிக்கொண்டிருந்தது.

வராந்தாவில் இருமல் நின்றது.

"அடியே, அது என் செவலைடி!" ஸா கீடோ எழுந்து உட்காரப் பார்த்தார். சுற்று வட்டாரத்தில் எந்தச் சண்டையிலும் தோற்காத சேவல்.

"எலும்பு பேசணும்னா சொந்தக் கோழியா இருக்கணும்னு நீதானே சொன்ன? வீட்டுல இருந்த ரெண்டும் தீந்துபோச்சு. இதுதான் மிச்சம்." அவள் சேவலின் கழுத்தைப் பிடித்துத் தூக்கினாள். "தண்ணி கொதிச்சிருச்சா?"

"கொதிச்சு ரொம்ப நேரமாச்சு அத்தை!" என்று வராந்தாவிலிருந்து குரல் வந்தது. "மஞ்சளும் அரைச்சாச்சு!"

"இரு, இரு!" ஸா கீடோவுக்கு வேர்த்துவிட்டது. "அந்த ரெண்டாவது எலும்பக் கொண்டா. வலியில கண்ணு கலங்கிப்போச்சு. நான் சரியாப் பாக்கல."

கொண்டுவந்தார்கள். வெளிச்சத்தில் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போகலாம்னுதான் இருக்கு," என்றார் சுரத்தில்லாமல்.

"அவசரப்படாதீங்க மாமா, நல்லாப் பாத்துச் சொல்லுங்க!" என்று வராந்தா கெஞ்சியது.

ஆஸ்பத்திரியில் துணைக்கு ஒருவருக்குத்தான் அனுமதி. குளுக்கோஸ் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு அவர் மகன் வண்டியில் ஏறினான். ஸா கீடோ மூதாவின் கையை இறுக்கிப் பிடித்தார்.

"தராமு, செவலை உன் பொறுப்பு. இந்தக் கிழவி கைல மட்டும் குடுத்துராத. நான் வர்ற வரைக்கும் ஒரு இறகு உதிரக் கூடாது."

"சத்தியமா மாமா."

வண்டி சேற்றில் வழுக்கி வழுக்கி இறங்கி, தேக்கு மரங்களுக்குப் பின்னால் மறைந்தது. வராந்தா காலியாயிற்று. ஒருவரும் மாத்திரை கேட்கவில்லை.

சேவலை அக்குளில் இடுக்கிக்கொண்டு மூதா சிரித்தாள். "பெரிய ஆளு அத்தை நீங்க! எலும்பையே மாத்திச் சொல்ல வச்சிட்டீங்களே!"

நா ஷீ வெற்றிலைச் சாற்றைத் துப்பினாள். "எலும்பு எங்கடி மாத்திச்சு? மொதக் கோழியே போன்னுதான் சொல்லிச்சு. ரெண்டாவதும் அதையேதான் சொல்லிச்சு. எங்கப்பாவும் எலும்பு பாக்கறவர்தான். அந்தச் சாய்வு எனக்குத் தெரியாதா?"

"அப்ப காலையிலேயே சொல்லியிருக்கலாமே?"

"எதை? கத்தின்னா இந்தாளுக்கு ஈரக்குலை நடுங்கும்னா? இத்தன பேரு முன்னாடி சொன்னா, அந்த ரோஷத்துலயே கட்டில விட்டு எறங்கமாட்டார்."

இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். நா ஷீயின் சிரிப்பு முதலில் நின்றது. தேக்கு மரங்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு இடுப்பிலிருந்து கத்தியை உருவினாள்.

"கொண்டா அத."

"அத்தை! அதான் மாமா போயாச்சே!"

"போகலாமான்னுதானே காலையிலேருந்து கேட்டோம். திரும்பி வருவாரான்னு யாரு கேட்டா?"

மூதா சேவலை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினாள். "மாமா வந்தா என்னையும் உங்களையும் உண்டு இல்லைன்னு ஆக்கிருவார்!"

"வரட்டும்," என்றாள் நா ஷீ. நீட்டிய கையை மடக்கவில்லை. "வந்து வாய் வலிக்கத் திட்டட்டும்."