மேல்முகட்டில் மழை

"இந்தம்மா சொல்ற மழையை நம்பினா, தொண்டையை நனைக்கக்கூட தண்ணி கிடைக்காது" என்றார் புல்லுக்காரர்.

பால்கூடத்தில் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. இந்தக் கோடையில் மலைப்பக்கம் வானம் வெளுத்தே கிடக்கும், மழை அபூர்வம், விடிகாலையில் மூடுபனி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும், அவ்வளவுதான் என்று டவுனிலிருந்து கணிப்பு வந்திருந்தது. மலை ரேடியோவில் தினமும் சாயங்காலம் அதை வாசிப்பவளுக்கு ஊர் வைத்த பெயர் மழையக்கா. மற்ற நாளெல்லாம் ஒழுங்காக வாசிப்பாள். வெள்ளிக்கிழமை வந்தால் மட்டும், "மேல்முகட்டில் இடியோடு மழை பெய்யலாம்" என்று கூசாமல் ஒரு வரியைச் செருகிவிடுவாள். ஒரு தூறல்கூட விழுந்ததில்லை.

மேலே பெய்தால் கீழே வராதா என்று பயந்து, காயப்போட்ட புல்லை அள்ளி மூடுவதும் மறுபடி பரப்புவதுமாகப் புல்லுக்காரருக்கு இடுப்பு கழன்றுவிட்டது. டவுனுக்குப் புகார் போனது. இன்றைக்கு அதிகாரி வருகிறார். மழையக்காவின் வேலை அவ்வளவுதான் என்று பேசிக்கொண்டார்கள்.

பால் அளந்துகொண்டிருந்தவள் மட்டும் குனிந்து அடுத்த படியை மொண்டாள்.

"உங்கப்பாதான் பாவம். வாராவாரம் மந்தையை ஓட்டிக்கிட்டு இறங்கறாரு. நீயாவது ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?" என்றார் புல்லுக்காரர் அவளிடம்.

படியில் பால் விளிம்பு தாண்டி வழிந்தது.

இடி என்று ரேடியோ சொல்லிவிட்டால் முகட்டில் ஆட்டுமந்தை நிற்கக்கூடாது, கீழ்ப்பட்டிக்கு வந்துவிட வேண்டும் என்பது அந்த ஊர்க் கட்டுப்பாடு. கீழ்ப்பட்டி, அவள் வீட்டை ஒட்டினாற்போல இருந்தது.

அவள் ஒரு லாரி டிரைவரைக் கட்டிக்கொண்ட அன்று, "இனி உன்னைத் தேடி நானா வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு முகட்டுக்கு ஏறினவர் அப்பா. சொன்னால் சொன்னதுதான். மழைக்குப் பயந்து பட்டிக்கு வருவது அவளைத் தேடி வருவது ஆகாதே. பட்டிச் சுவரில் உட்காருவார். அவள் சூடாக எதையாவது சுவரில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். பேத்தி அவர் மடியில் ஏறி, போர்வைக்குள் புகுந்து தூங்கிப்போகும். பேச்சு கிடையாது. ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். அந்த ஒரு சாயங்காலம் அவளுக்கு வாரம் முழுக்கப் போதும்.

இந்த வருஷம் மழையே இல்லை என்று கணிப்பு வந்த அன்றைக்கே அவளுக்குப் பகீரென்றது. மழையக்காவிடம் ஓடினாள். "எங்கப்பாவுக்காக ஒரு சொட்டு சேர்த்துச் சொல்லுங்கக்கா" என்றாள். மழையக்கா அவளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "ஆகட்டும், நீ போ" என்றாள்.

இப்போது பால்படியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கூடத்தைப் பூட்டிக்கொண்டு ரேடியோ அறைக்கு நடந்தாள்.

அறை தபாலாபீஸ் மாடியில். ஜன்னல் திறந்திருந்தது. துண்டு மேகம் ஒன்று உள்ளே வந்து, மைக்கைத் தடவிவிட்டு, வந்த வழியே வெளியே போயிற்று. பேச்சுக்குரல்கூட பஞ்சுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது.

அதிகாரி ஒரே கேள்வியைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த வரியை யார் சேர்க்கச் சொன்னது? மழையக்கா தரையைப் பார்த்தபடி நின்றாள். சொல்லிவிட்டால் வேலை தப்பும். சொல்லவில்லை.

"நான்தான் சார் கேட்டேன். அவங்களை விட்டுடுங்க" என்றாள் இவள். காரணத்தையும் சொன்னாள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கத் துடைக்க அதில் மறுபடி ஈரம் படிந்தது. வேலையில் கை வைக்கவில்லை. ஆனால் இன்று முதல் டவுன் கணிப்பில் இருப்பதைத் தாண்டி ஒரு வார்த்தை வரக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். காய்கிற புல்லும் ஒருத்தர் வயிற்றுப்பாடுதானே என்றார்.

அன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் மழையக்காவின் குரல் வீடு வீடாகப் போயிற்று. வானம் தெளிவாக இருக்கும். மேல்முகட்டிலும் மழைக்கு வாய்ப்பில்லை. கோடை முடிகிற வரைக்கும் இப்படித்தான்.

"தாத்தா வருவாரா?" என்றது குழந்தை.

அவள் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வாசலில் போய் நின்றாள். மலை நீலமாய்க் கரைந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் சரிவு மட்டும் வெள்ளையாய் அசைந்தது. மூடுபனி இந்நேரத்தில் இறங்காதே என்று பார்த்தாள். மணிச்சத்தம் கேட்டது.

மந்தை முழுக்க வந்து பட்டியில் நிறைந்தது. கடைசியாக அப்பா. சுவரில் உட்காராமல் நேராக வாசலுக்கு வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

இத்தனை காலம் கழித்து முதல் வார்த்தை அவள் வாயிலிருந்துதான் வந்தது. "மழை இல்லைன்னு சொல்லிட்டாங்களேப்பா. நீங்க கேக்கலையா?"

"கேட்டேன். அதான் அலறி அடிச்சுக்கிட்டு வர்றேன்" என்றார் அப்பா. "வெள்ளிக்கிழமைன்னா முகட்டுல மழைன்னு சொல்லிடும்மான்னு, கணிப்பு வர்றதுக்கு முன்னாடியே அந்தப் பொண்ணுகிட்ட கெஞ்சி வச்சிருந்தேன். மறக்காம சொல்றவ இன்னிக்கு சொல்லலையே. ஒருவேளை நீதான், அப்பா இனிமே வரவேண்டாம்னு சொல்லி நிறுத்திட்டியோன்னு..."