அக்கா அறைத் தூசி

'மார்ச் 12. தூசிப் பொட்டலங்களில் சீட்டை மாற்றி ஒட்டிவிட்டேன் போலிருக்கிறது' என்று தங்கை குறிப்பேட்டில் எழுதினாள். மாலை வகுப்பு மைக்ராஸ்கோப்பில் அவள் அறைத் தூசி முழுக்கத் தோல் செதிலும் முடியுமாக இருந்தது. அக்கா அறைத் தூசியில் மண்ணும் நூலும் மட்டுமே.

"பூட்டிக் கிடக்கிற ரூமாம்மா? ஆளிருந்தா தோல் உதிராம இருக்குமா?" என்று வாத்தியார் சிரித்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வந்த அக்கா ஒரு மாதமாக அந்த அறையில்தான் படுத்திருக்கிறாள்.

மறுநாளும் கூட்டி அள்ளி, சீட்டை இருமுறை சரிபார்த்து ஒட்டினாள். அதே மண், அதே நூல்.

வீட்டில் அக்கா தலை வாரிக்கொண்டிருந்தாள். "என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? வா, உனக்கும் வாரிவிடுறேன்."

நீட்டிய சீப்பில் ஒரு முடிகூட இல்லை. தங்கை முதுகைக் காட்டி உட்கார்ந்து, குறிப்பேட்டில் எழுதினாள்: 'நாளை அக்காவின் தலையணை உறையைப் பார்க்க வேண்டும்.'